ஃப்லீப்போ என்றால் இலாரியோவின் முகம்

மாட்ரிட்டில் இருக்கும் பேத்தி நெரேயாவுக்கு,

தாத்தா ஃபுல்ஹென்சியோ எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

என் வாழ்க்கையின் முதல் கடிதத்துக்கு நீ அஞ்சலட்டையில் ஒரே ஒரு சொல்லைப் பதிலாக அனுப்பினாய்: "ஃப்லீப்போ." எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டேன், பொருள்தான் விளங்கவில்லை. மதுக்கடைக் காசில்டாவிடம் படித்துக் காட்டினால், "போதை மருந்து அடிக்கிறவங்க பேச்சாச்சே இது, புள்ளமேல ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்கிறாள். என்னோடு டோமினோ ஆடும் இலாரியோ, "கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நாசூக்கா எழுதியிருக்காடா" என்று சிரிக்கிறான். பேத்தியே கேலி செய்தபின் எழுத்து எதற்கு என்று முதியோர் கல்வி வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இன்று காலை துக்கமணி அடித்தது. கோயில் கதவில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பின் முன் எல்லோரும் கூடிவிட்டோம். ஊருக்குப் படித்துச் சொல்லும் இலாரியோ கண்ணாடியை மறந்து வந்திருந்தான். மற்றவர்களில் எழுத்து தெரிந்தவர்களுக்குக் கண் தெரியாது. "நகருடா" என்று நான் முன்னால் போய், விரலை வைத்து, உரக்கப் படித்தேன்: "எங்க்ராசியா மோந்தெரோ." பாவம், போன ஞாயிறு பூசையில்கூட என் பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒருவரும் அவளுக்காக அழவில்லை, என்னையே பார்த்தார்கள். இலாரியோ திறந்த வாயோடு நின்றான், உள்ளே பாதி மென்ற ரொட்டி தெரிந்தது. காசில்டா என் தோளைத் தட்டினாள். "அந்த ஃப்லீப்போ இதான். போதையில இருக்கறவன் இப்படித்தான் வாயப் பொளந்துட்டு நிப்பான். உங்க கடிதாசியப் பாத்து பேத்தியும் இப்படித்தான் நின்னிருக்கா, போங்க."

அப்படியா கண்ணு, நீயும் அப்படி நின்றாயா? உனக்கு எப்படி நன்றி சொல்வேன். என்னைப் பார்த்து இதுவரை யாரும் வாய் பிளந்ததில்லை. நாளை வகுப்புக்குத் திரும்பிப் போகிறேன். இப்போது கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எங்க்ராசியா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் தாத்தா

பின்குறிப்பு: கதவைத் திறந்ததே எங்க்ராசியாதான். இறந்தது பில்பாவோவில் இருந்த அவளுடைய பெரியப்பா மகன். அவர் பெயர் நீளமாகக் கண்ணைக் கட்டவே, கீழே துக்கப்படுவோர் வரிசையில் இருந்த பழகிய பெயருக்குத் தாவியிருக்கிறேன். கொண்டுபோன மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "குடுங்க, வாங்கினது வாங்கியாச்சு" என்று பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, என்னோடு துக்கம் கேட்க வந்த அத்தனை பேருக்கும் சோம்பு மது ஊற்றினாள். நாளை முதல் அவளும் வகுப்புக்கு வருகிறாள். "இனிமே நான் செத்தேனா இல்லையான்னு நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்கிறாள்.