மண் டாக்டரின் வெள்ளிக்கிழமை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் மண் டாக்டர் தோண்டாத இடம் ஓரடிகூட மிச்சம் இருந்திருக்காது. கல்யாணத்துக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் பந்தலோரம் குனிந்துவிடுவார். பரிசு மறந்துபோகும்; கரண்டியும் பிளாஸ்டிக் பையும் மறக்காது.

எண்பதுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடம். அவர் விஞ்ஞானி, நான் டெக்னீஷியன். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து, கிராம்-நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை.

"இதுங்களுக்கு வெளிய இன்னொரு தோல் இருக்கு லா, அக்கா. மருந்து வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிடுது" என்பார், சம்பந்தி வீட்டைக் குறை சொல்வதுபோல.

ஆறு வருடம் ஒன்றும் சாகவில்லை. கிருமிகள் கொழுத்தன, மேலதிகாரி மெலிந்தார். வருடக் கடைசிக்குள் எதையாவது காட்டாவிட்டால் கூடத்தை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் கோயில் ஒன்றின் பின்புறத்து மண் வந்தது. அதிலுள்ள நுண்ணுயிரைப் பிரித்து வளர்க்கப் பொறுமையில்லாமல், மண்ணையே கரைத்து வடிகட்டி, கிருமி வளர்த்த தட்டில் சொட்டுவிட்டார். மறுநாள் சொட்டைச் சுற்றி ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு கிருமி இல்லை. மேலதிகாரி கேக் வாங்கினார். திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் மண் எடுக்கப் போனோம். கோயிலைக் கூட்டும் பாப்பாம்மா அதே இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஊத்துறீங்க?" என்றார் டாக்டர்.

"பினாயில்தான். வெள்ளிக்கிழமைன்னா ஊத்திருவேன். கிருமி சாவணும் லா."

டாக்டர் கரண்டியைப் பையில் வைத்துக்கொண்டார். காரில் நான்தான் பேச்செடுத்தேன். "நமக்கு மட்டும்தானே தெரியும், டாக்டர். திங்கட்கிழமை மட்டும் எப்படியாவது கழியட்டும்."

"பத்துப் பேர் கைதட்டிட்டா, அப்புறம் நானே நம்ப ஆரம்பிச்சிருவேன், அக்கா."

திங்கட்கிழமை வந்தவர்களிடம் பினாயில் கதையை, வாளியின் அளவு உட்பட, விலாவாரியாகச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் கூடத்தை மூடினார்கள். என்னை ஷா ஆலமுக்குத் தூக்கியடித்தார்கள். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அதன்பிறகு எத்தனையோ கெட்டிக்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். யார் முடிவைக் காட்டினாலும் இரண்டு முறை சரிபார்ப்பேன். மண் டாக்டர் மட்டும் எங்கிருந்தாவது போன் போட்டு, "செத்துருச்சு, அக்கா" என்று சொல்லியிருந்தால், தட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருப்பேன்.