ஆயக்குடியில் ஓடாத கல்யாணம்

கடையில் நின்று "எனக்கு இது தெரியாதுங்க" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது எனக்கு என்றுமே இருந்ததில்லை. அதற்கான பலனை ஆயக்குடியில் ஒரே மத்தியானத்தில் அனுபவித்து முடித்தேன்.

என் தங்கை செல்வியை ஆயக்குடியில் கட்டிக்கொடுத்தோம். முகூர்த்தம் நெருங்கிய நேரத்தில் அவள் மாமனார் கொய்யாத் தோப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மகன் ஒருவன்தான். ஆனாலும், "எனக்காக நிறுத்தாதீங்க. வீடியோவுல பார்த்துக்கறனுங்க" என்று கட்டிலிலேயே கிடந்துவிட்டார். அந்த வீடியோவைக் கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டுவது பெண்ணின் அண்ணனான என் பொறுப்பு.

திண்டுக்கல் ஸ்டுடியோக்காரர் கேட்டார்: "டிவிடியில போட்டுரவா, இல்ல ப்ளூ-ரே வேணுமா தம்பி? அங்க என்ன பிளேயர் இருக்கு?"

"ப்ளூ-ரேயே போடுங்கண்ணே. டிவிடி பிளேயரு இருக்கு, எல்லாம் ஓடும்."

"இல்ல தம்பி, அது வந்து..."

"அண்ணே, நமக்குத் தெரியாததா?"

(தெரியாது. ப்ளூ-ரே என்று ஒன்று இருப்பதே அவர் சொல்லித்தான் தெரியும்.)

என் கணக்கு வேறு. எங்கள் வீட்டு டிவிடி பிளேயரில் பழைய விசிடி நன்றாகவே ஓடியது. விசிடியைவிட டிவிடி ஒசத்தி, அதைவிட ப்ளூ-ரே ஒசத்தி. மூன்றும் ஒரே அளவு, நடுவில் அதே ஓட்டை. ஓடாமல் எங்கே போகும்? புது பிளேயர் பழைய டிஸ்க்கைப் படிக்கும், பழைய பிளேயருக்குப் புது டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஆயக்குடியில் வீடு நிறையச் சொந்தம். மாமாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி, புதுச் சட்டை வேறு போட்டுவிட்டிருந்தார்கள்.

"தாலிக் கயித்து இழையக்கூட எண்ணலாம் மாமா" என்று டிஸ்க்கை உள்ளே தள்ளினேன்.

பிளேயர் செத்த நேரம் கரகரத்துவிட்டு, டிஸ்க்கே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. வேட்டியில் துடைத்துப் போட்டேன். ஊதிப் போட்டேன். கடைசியில் சோப்பு போட்டுக் கழுவிக்கூடப் பார்த்தேன் (பாத்திரம் துலக்கும் சோப்பு). அதற்கு மனசு இளகவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன். "அதத்தான தம்பி அன்னைக்கே சொல்ல வந்தேன்" என்றார் அவர். ஸ்பீக்கரில் வேறு போட்டுத் தொலைத்திருந்தேன்.

மாமாவின் முகம் வாடிவிட்டது. "பரவாயில்லீங்க தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செல்விதான் எழுந்தாள். "பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கதான இருக்கோம் மாமா. இன்னொருக்கா நடத்திக் காட்டுறோம்."

அவள் கட்டில் பக்கத்தில் உட்கார, மாப்பிள்ளை குனிந்து, கழுத்தில் கிடந்த தாலிக்கே முடிச்சுப் போடுவதுபோல் கையை வைத்தார்.

"மேளத்துக்கு எங்கீங்க போறது?" என்றார் அத்தை, மாப்பிள்ளையின் அம்மா.

மாமா என்னைக் கைகாட்டினார். "தம்பி சும்மாத்தானுங்களே நிக்கறாரு."

சோற்றுக் குண்டாவைக் கவிழ்த்துப் போட்டுக் கெட்டிமேளம் கொட்டினேன். மாமா அட்சதை போட்டார், போட்டபடியே அழுதார். எனக்கும் கண்ணீர் கொட்டியது. ஆனால் மேளத்தை நிறுத்தவில்லை, அந்த ஒரு வேலையாவது உருப்படியாக நடக்கட்டும் என்று.

அப்புறம் டிவிடியாக மாற்றி வாங்கிக் கொடுத்தேன். மாமா முழுசாகப் பார்த்துவிட்டு, "மேளம் நம்மூட்டுல அடிச்ச மாதிரி இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆயக்குடிக்கு ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வாங்கிப் போனேன். பையை வாங்கிப் பார்த்த அத்தை வாசலிலேயே கேட்டார்: "ஏனுங்க தம்பி, இது நம்மூட்டுல ஓடுமுங்களா?"