எலிகளுக்குத் தூரோன் போட்டது நான்தான்

லீமா, அக்டோபர் 21

பாசமும் படிப்பும் நிறைந்த ஞானமகள் டாக்டர் மரிலுஸுக்கு, விலங்குக்கூடத்துக் காவலனும் உன் ஞானத்தகப்பனுமான எலெயுத்தேரியோ எழுதுவது. நான் நலம். நலமாயிருக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதைக் கீழே காண்க.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை, அதனால்தான் இரண்டு அறை தள்ளி இருக்கிற உனக்குக் கடிதம். காலரா நஞ்சு பட்டால் குடல் செரட்டோனினைக் கொட்டும், அது சொல்லிக் குடல் கிணறாக ஊறும், செரட்டோனினை மறிக்கும் மருந்து கொடுத்தால் ஊற்று அடங்கும் என்று எனக்கு எத்தனை தடவை படம் போட்டுக் காட்டியிருப்பாய்! உன் புது மருந்துச் சோதனைக்கு முந்தின நாள் எலிகளுக்குப் பட்டினி, தண்ணீர் மட்டும். ஆனால் அன்றைக்கு ஆண்டவர் பவனியாச்சே. பவனிக்குப் போட்ட ஊதா அங்கியோடு நேரே வேலைக்கு வந்தேன், கையில் அரைக்கிலோ தூரோன் மிட்டாய். பவனியன்று லீமாவில் பிச்சைக்காரன்கூட ஒரு துண்டு தூரோன் இல்லாமல் தூங்கமாட்டான், இதுங்க மூக்கை ஆட்டி ஆட்டிப் பாக்குதுங்க. மருந்து கொடுக்கிற எலிகளை நீ வழக்கமாக வைக்கிற கீழ்த்தட்டுக் கூண்டில் பிட்டுப் போட்டேன். பக்கத்துக் கூண்டுக்கும் போட்டிருந்தாலாவது நியாயமாயிருக்கும். அதுக்குள்ள என் பங்கு மட்டும்தான் பாக்கி.

மறுநாள் குடல் துண்டுகளை எடை போட்டாய். மருந்து கொடுத்த எலிக்கும் மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீர் கொடுத்த எலிக்கும் ஒரே அளவு நீர். என் தூரோன்தான் கணக்கைக் கெடுத்தது என்று எனக்கு அப்போதே தெரியும். படியில் உட்கார்ந்து, "நாலு வருஷம் ஞானப்பா! பேராசிரியர்கிட்ட எதைக் காட்டுவேன்?" என்று அழுதாய். "எலிங்களை நம்பலாமாடி?" என்றேன். அதோடு விட்டேனா, என் பங்குத் தூரோனை நீட்டினேன். நீயும் தின்றுவிட்டு "நல்லாருக்கு" என்றாய். பேராசிரியரிடம் என் பெயரைச் சொல், சோதனையைத் திரும்பச் செய்ய விடுவார். என் வேலை போனால் போகட்டும்.

ஆண்டவர் உன்னையும் உன் மருந்தையும் காக்கட்டும். செத்த எலிகளின் ஆசியும் உனக்கு உண்டு.

தலைகுனிந்து,
எலெயுத்தேரியோ

பி.கு.: உறையை ஒட்டும்போது கூடம் கூட்டுகிற ஒபேலியா வந்தாள், அவளிடம் எல்லாம் சொன்னேன். "யோவ், மரிலுஸ் கூண்டையெல்லாம் பவனிக்கு முன்னாடியே, நீ இல்லாத புதன்கிழமை மேல்தட்டுக்கு மாத்தியாச்சு. நீ போட்டது இருதய டாக்டரோட எலிக்கு. கொழுகொழுன்னு உசிரோட இருக்கு, போய்ப் பாரு" என்றாள். போய்ப் பார்த்தேன், இருக்கின்றன. "ஆண்டவரே, தப்பிச்சேன்!" என்று கும்பிட்டேன். கும்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது, அப்படியானால் உன் மருந்து நிஜமாகவே கேட்கவில்லை. மேலே எழுதிய வெட்கத்தையெல்லாம் அடித்துவிடு. இப்போது படுகிற வெட்கம், ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேனே, அதுக்கு.