சரிவுக்குச் சீட்டு வாங்கிய ஆடு

பனிமலை அடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில் கோமளம் என்றொரு மலையாடு வாழ்ந்தாள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். அந்த வசந்தத்தில் காரணமும் இருந்தது. சரிவுக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போன மகளுக்குத் தலைப்பிரசவம். இன்றோ நாளையோ என்று சேதி வந்திருந்தது.

சரிவை எப்போது கடப்பது என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். விடியலில் பனி கல் மாதிரி இறுகிக் கிடக்கும். வெயில் ஏறினால் இளகும். மத்தியானத்துக்கு மேல் மொத்தமாகச் சரிந்து வரும். ஆனாலும் எல்லோருடைய நன்மைக்காகவும் பாதுகாப்பு அலுவலகம் ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே சீட்டு வாங்காமல் யாரும் சரிவில் கால் வைக்கக் கூடாது.

கோமளம் இருட்டோடு போய் வரிசையில் முதலாவதாக நின்றாள். அதிகாரி கரடியார் குளிர்காலத் தூக்கம் தெளிந்து வந்து சேரும்போது மணி பதினொன்று.

"போட்டோவில கொம்பு முழுசா தெரியலையேம்மா" என்றார்.

வேறு போட்டோ எடுத்துக் கொடுத்து, முத்திரை விழும்போது மணி ஒன்று. 'சரிவு பாதுகாப்பானது. இன்று மாலை ஐந்து வரை செல்லும்.'

"ஐயா, இப்ப பனி இளகியிருக்குமே. நாளைக்கு விடியலுக்குத் தேதி போட்டுக் கொடுங்க."

"நாளைக்குன்னா நாளைக்கு வந்து வரிசையில நில்லும்மா."

அடுத்து நின்ற நரி சிரித்தது. "அக்கா, ஆபீசரே எழுதிக் கொடுத்துட்டாரு. அவரைவிட உங்களுக்குப் பனியைத் தெரியுமோ?" தன் சீட்டை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது.

கோமளம் சரிவின் ஓரத்தில் ஒரு காலை வைத்தாள். முழங்கால் வரை புதைந்தது. 'நான் புதைஞ்சுட்டா மகளுக்கு யார் இருக்கா?' காலை உருவிக்கொண்டு பாறை இடுக்கில் ஒண்டினாள். கொஞ்ச நேரத்தில் மலையே இருமியதுபோல் ஒரு சத்தம். சரிவு மொத்தமும் கீழே இறங்கியது. நரி உருண்டு புரண்டு அலுவலக வாசலில் போய் விழுந்தது, வாயில் சீட்டோடு.

"பார்த்தீங்களா, சீட்டு இருந்ததாலதான் தப்பிச்சாரு" என்றாராம் கரடியார்.

மறுநாள் விடியலில், பனி இறுகியதும், கோமளம் சீட்டில்லாமலே கடந்தாள். அவள் போய்ச் சேரவும் பேத்தி பிறக்கவும் சரியாக இருந்தது.

மதியம் அலுவலகக் காக்கை ஒரு தாளோடு வந்தது. "நேத்து சீட்டு வாங்கின கோமளம் அஞ்சு மணிக்குள்ள இந்தப் பக்கம் வந்து சேரலை. பனியில புதைஞ்சதா பதிவாயிடுச்சு. உறவுக்காரங்க கையெழுத்துப் போடணும்."

"நான்தான்யா கோமளம்!"

காக்கை பதறியது. "அம்மா, மெதுவா! உயிரோட இருக்கேன்னு சொன்னா, இன்னைக்குச் சீட்டு எங்கேன்னு கேப்பாங்க."

கோமளம் குட்டியை நக்கிக்கொண்டே யோசித்தாள்.

"செத்தவளுக்குச் சீட்டு வேணுமா?"

"அப்படி ஒரு விதி இல்லைம்மா."

"அப்ப கொடு" என்று தாளை வாங்கி மகளிடம் நீட்டினாள். "போடுடி கையெழுத்தை."

அன்றிலிருந்து வாரம் தவறாமல், விடியலில், யாரையும் கேட்காமல் அவள் பேத்தியைப் பார்க்க வந்து போனாள்.

நீதி: பனிமலையில் பத்திரமாகப் போய்வர நினைப்பவர்கள் முதலில் அலுவலகப் பதிவேட்டில் செத்துவிட வேண்டும்.