பிரேக்குக்கு இப்ப பாடு இல்ல

கார் வாங்குகிற எல்லோரும் அது ஓட வேண்டுமே என்றுதான் கவலைப்படுவார்கள். ஓடுகிற காரை எப்படி நிறுத்துவது என்று ஒரு கோடைக்காலம் முழுக்க அல்லாடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் அவருக்குப் பெயர் கரண்டு நைனா. சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் மனைவி அஞ்சலை 'யோவ்' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அந்தப் பக்கத்து ஆயுள் காப்பீட்டு முகவர். என் தலை தெரிந்தாலே கரைக்கு வந்துகொண்டிருக்கும் படகு திரும்பி இன்னொரு சுற்று போகும், அப்படி ஒரு மதிப்பு எனக்கு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக உட்காரச் சொன்ன ஒரே ஆள் நைனாதான். என் மேல் அவ்வளவு பாசம் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அவருக்குக் காரைத் தள்ள ஆள் வேண்டியிருந்தது.

வலை கட்டும் முறை வருகிற நாளில் ஏரி, வராத நாளில் படகு இன்ஜின், மிக்சி, இன்வெர்ட்டர் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குக் கார் ஆசையெல்லாம் கிடையாது. வந்ததற்குக் காரணம் அஞ்சலையின் நண்டுக் கூடை. திருப்பாலைவனத்துக்கு அதை எடுத்துப் போய் விற்க வேண்டும். ஷேர் ஆட்டோக்காரன் கூடையைப் பார்த்ததும் வேகம் எடுப்பான். பஸ்ஸிலோ, தண்ணீர் சொட்டுகிறது, வாடை அடிக்கிறது என்று பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். ஒருநாள் அப்படி இறக்கிவிட, உச்சி வெயிலில் நடந்தே வீடு வந்தவள் யாரையும் திட்டவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டாள். அஞ்சலை திட்டினால் நைனா சிரிப்பார். பேசாமல் இருந்தால்தான் அவருக்குக் கை கால் ஓடாது.

"இனிமே நீ காருலதான் போற" என்று அறிவித்துவிட்டார்.

உப்புக்காற்று தின்றது போக மீதி இருந்த ஒரு பழைய பெட்ரோல் கார் வந்து சேர்ந்தது. இன்ஜினைக் கழற்றி எறிந்தார். பேட்டரி ஆட்டோவின் மோட்டார் ஒன்றை உள்ளே வைத்து, டிக்கியில் வரிசையாகப் பேட்டரிகளை அடுக்கினார். அது ஓடியதுதான் முதல் அதிர்ச்சி. புகையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் ஒரு கார் தெருவில் வந்ததைப் பார்த்துக் குப்பத்து நாய்கள் குரைக்க மறந்து நின்றன.

நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். படகுத்துறை நெருங்கியதும், போதும் நைனா, நிறுத்துங்கள் என்றேன். அவர் மிதித்தார். பிறகு எழுந்து நின்று மிதித்தார். கார் தன்பாட்டுக்குப் போனது.

"சாரு, உன் காலயும் குடு" என்றார் நிதானமாக.

அவருடைய இரண்டு காலும் என்னுடைய ஒரு காலுமாக ஒரே பெடலின் மேல் ஏறியபோது, முன்சக்கரம் ஏரித் தண்ணீரைத் தொட்டபடி கார் நின்றது. கார் இன்றைக்கு எந்தப் பக்கம் வலை போடப் போகிறது என்று ஒரு படகுக்காரர் விசாரித்தார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் காரில் பிரேக்கை நாம் மட்டும் மிதிப்பதில்லை. ஓடுகிற இன்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல் ஒரு குழாய் வழியாக வந்து, நம் காலோடு சேர்ந்து அதுவும் ஒரு மிதி மிதிக்கும். இன்ஜினைத் தூக்கி எறிந்த நைனா, அந்த இன்னொரு காலையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டார்.

இன்ஜினுக்குப் பதிலாக உறிஞ்ச ஒரு மோட்டார் பம்ப் வேண்டும் என்று கண்டுபிடித்துச் சென்னைக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் ஒன்று வாங்கி வந்தார். பம்ப் உறிஞ்சியதைச் சேர்த்து வைக்க ஒரு தொட்டியும் தேவை. படகுக்கு டீசல் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கேனை மாட்டினார். டீசல் தாங்குகிற கேன் வெறும் காற்றைத் தாங்காதா என்று என்னிடம் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப் ஓட ஓட, யாரோ கழுத்தைப் பிடித்து நெரித்ததுபோல் கேன் ஒடுங்கி, 'டொம்' என்று ஒரே போடாகச் சப்பிப்போனது. நான் ஓடிய ஓட்டம் காயப் போட்டிருந்த நெத்திலியில் போய் முடிந்தது. அன்று மாலை பஸ்ஸில் என்னையும் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். அஞ்சலையின் கஷ்டம் எனக்குப் புரிந்த நாள் அது.

கேன் போய் இரும்பு சிலிண்டர் வந்தது. பிரேக்கும் வெண்ணெயாக வேலை செய்தது. ஆனால் பம்ப் ஓடினால் முன்விளக்கு மங்கியது, வைப்பர் பாதியில் நின்றது, ஹாரன் ஜலதோஷம் பிடித்த குரலில் அழுதது. டிக்கியில் இருந்த பேட்டரிகள் காரை ஓட்ட மட்டும்; இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன, வயதான பேட்டரி. வேறு யாராக இருந்தாலும் இன்னொரு பேட்டரி வாங்கியிருப்பார்கள். நைனா ஏரிக்காரர்.

ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் மண்டை உடையும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு உன் பாடா, வலை கட்டு. இல்லையா, கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தை. ஏரிக்கே சண்டை சச்சரவு இல்லாமல் நடக்கிற ஏற்பாடு ஒரு பேட்டரிக்கு நடக்காதா என்று நைனா யோசித்திருக்கிறார். ஒரு மிக்சியின் திருகு சுவிட்சைப் பிடுங்கி ஸ்டீயரிங் பக்கத்தில் பதித்தார். ஒரு பக்கம் திருகினால் விளக்கு. அடுத்து வைப்பர். அடுத்து ஹாரன். அடுத்து பிரேக் பம்ப். ஒருவர் பாடு நடக்கும்போது இன்னொருவர் இறங்கக் கூடாது.

எனக்கு எங்கேயோ உதைத்தது. ஆனால் பிறர் உயிரைப் பற்றியே பேசிப் பிழைக்கிறவனுக்குத் தன் உயிர் என்று வரும்போது மூளை வேலை செய்வதில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

அன்றைக்குத் திருப்பாலைவனத்தில் அஞ்சலை கூடையோடு காத்திருக்க வேண்டும், நைனா போய் அழைத்து வர வேண்டும் என்று ஏற்பாடு. வழியில் இருந்த வேகத்தடைகளிலேயே சிலிண்டரில் இருந்த உறிஞ்சல் தீர்ந்துவிட்டது. பம்ப் மறுபடி நிரப்பிக்கொண்டிருந்த நேரம், தூரத்தில் ரோட்டின் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தது தெரிந்தது. நடுவில் ஒருவர் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். நைனா சட்டென்று சுவிட்சை ஹாரனுக்குத் திருப்பி அழுத்தினார். ஹாரன் கணீரென்று ஒலித்தது. பம்ப் அடங்கிப்போனது.

பெடல் கல்லாகிவிட்டது. நான் சொல்லாமலே காலைக் கொடுத்தேன். அந்த நிலையில்தான் பஸ் நிறுத்தத்தைக் கடந்தோம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலை நின்றிருந்தாள். நைனா ஒரு கையை வெளியே நீட்டி அவளைப் பார்த்து ஆட்டினார். வருகிறேன் என்றா, போகிறேன் என்றா தெரியவில்லை. அவள் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. குனிந்திருந்தவர் ஒரே தாவாகத் தாவி ஒதுங்க, கார் நெல் குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

நெல்காரர் தலையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டார். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"ஏன்யா, அம்மாந்தூரத்திலேர்ந்து ஹாரன் அடிச்சிகினு வர்றியே, அதுக்கு பதிலா வண்டிய நிறுத்தக் கூடாதா?"

"பிரேக்குக்கு இப்ப பாடு இல்ல" என்றார் நைனா. அதில் அவருக்குத் துளிக்கூட வெட்கம் இல்லை.

அதற்குள் அஞ்சலை வந்துவிட்டாள். சுவிட்சைப் பற்றி முழுக்கக் கேட்டாள். நைனா ஒவ்வொரு பாடாகத் திருகிக் காட்டி விளக்கினார். அவள் கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏரியில ஒருத்தன் முழுவுறான்னு வெச்சிக்கோ. இன்னிக்கு என் பாடு இல்லனு நீ கரையில குந்திகினு இருப்பியா?"

நைனா தலையைச் சொறிந்தார்.

"இதுல நான் ஏற மாட்டேன்யா. எப்பவுமே ஏற மாட்டேன்."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். திட்டவில்லை. வந்த வழியே நடந்தாள். நைனா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நெல்காரரும் காரை வெளியே தள்ளினோம்.

அடுத்த சில நாட்கள் நைனா குப்பத்தில் யாருடைய மிக்சியையும் தொடவில்லை, காரோடுதான் கிடந்தார். பம்புக்கு மட்டும் புதிதாக ஒரு தனி பேட்டரி. சுவிட்ச் கிடையாது, திருகல் கிடையாது. உறிஞ்சல் குறைந்தால் ஃபிரிட்ஜ் மோட்டார்போலத் தானே 'டர்ர்ர்' என்று ஓடி, நிறைந்ததும் தானே அடங்கும். ஆள் அனுப்பிச் சொல்லியும் அஞ்சலை வந்து பார்க்கவில்லை. கடைசியில் ஒரு காலை அவளாகவே ஏரிக்கரை ரோட்டுக்கு வந்தாள். கூடையை ஓரமாக வைத்தாள். ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டு, என் எதிரில் வந்து நிறுத்து, அப்புறம் ஏறுகிறேன் என்றாள்.

குப்பமே ரோட்டோரம் வந்து நின்றது. நான் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். என் பக்கத்துக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது.

நைனா வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தினார். கார் அலுங்காமல் நின்றது. அஞ்சலை எறும்பு அளவில் தெரிந்தாள். கிட்டே வா என்று கையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் போனார், நிறுத்தினார். பம்ப் 'டர்ர்ர்' என்றது. மறுபடி கையாட்டல், மறுபடி கொஞ்சம், மறுபடி நிறுத்தம். அதற்கு மேல் கார் நகரவில்லை. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு படகையே குறுக்கே போடலாம்.

பிரேக்தான் இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதே, போங்களேன் நைனா என்றேன். அவர் கால் பெடலை விட்டு எழவில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

"பிரேக்கு புடிக்கும் சாரு. நீ போய் நில்லு, உன் மூக்காண்ட வந்து நிறுத்தறேன். அங்க நிக்கிறது அஞ்சல, சாரு."

அஞ்சலைக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றவள், கூடையை எடுத்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். பின்சீட்டில் கூடையை வைத்தாள். என் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து திறந்து, என்னைக் கூடையோடு போய் உட்காரச் சொன்னாள். முன்னால் ஏறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"போ."

இப்போதெல்லாம் வியாபாரம் முடிந்து அஞ்சலை திருப்பாலைவனத்தில் ரோட்டோரம் வந்து நிற்பாள். அந்தப் பக்கம் வேலையாகப் போனால் நானும் காரில் இருப்பேன். அவள் தலை தெரிந்ததுமே நைனா பிரேக்கை மிதித்துவிடுவார். மீதி தூரத்தை அவள் காலிக் கூடையை ஆட்டிக்கொண்டு, அவரை விடாமல் திட்டிக்கொண்டு, நடந்தே வருவாள். நைனா சிரித்துக்கொண்டிருப்பார். இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள் நைனா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.