வெள்ளைச் சேர்ட் போன வழி

கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்காமலே சுபேசன் படகின் இயந்திரத்தை முடுக்கிவிட்டான். படகு பாய்ந்தது, கயிறு பிடித்து இழுத்தது, லக்ஷ்மணனின் கையிலிருந்த தேத்தண்ணீர் அப்படியே அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் கொட்டியது.

"சொறி அங்கிள்."

"ம்," என்றார் லக்ஷ்மணன்.

அவர் சுபேசன் காதலித்த ஹரிஷாவின் அப்பா. சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் முப்பது வருடம் நின்றவர். லீவு எடுத்தாரென்றால் ஒன்றில் கல்யாண வீடு, இல்லாவிட்டால் செத்த வீடு. அவரிடம் பெண் கேட்பதற்கென்றே சுபேசன் சிநேகிதனின் படகை இரவல் வாங்கியிருந்தான். வில்நெவில் புறப்பட்டு, ஏரியின் முழு நீளமும் ஓடி, ஜெனீவா போய்ச் சேர இரண்டு பகல். வீட்டில் வைத்துக் கேட்டால் மனுசன் எழுந்து போய்விடலாம், நடு ஏரியில் எங்கே போவார்? படகோட்டுவதில் தான் விண்ணன் என்றும் ஹரிஷா மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். லைசென்ஸ் எடுத்த நாளுக்குப் பிறகு அவன் சுக்கானைத் தொட்டதேயில்லை.

சேர்ட்டை வாங்கி, ஏரித் தண்ணீரில் அலசி, கம்பியில் காயப்போட்டான். நன்றாகவே காய்ந்தது. லொசானை நெருங்கும்போது, எடுத்துக் கொடுப்போமென்று கிளிப்பைக் கழற்றிய கணத்தில் காற்று அதைப் பறித்துத் தண்ணீரில் போட்டது. படகைத் திருப்பினான். அவன் கையில் அகப்படாத சேர்ட், படகின் அடியிலிருந்த விசிறியில் அகப்பட்டது. இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

தூரத்தில் போன பயணிகள் கப்பலைப் பார்த்து இரண்டு கையையும் வீசினான். மேல்தட்டில் நின்ற அத்தனை பேரும் சந்தோசமாகத் திருப்பிக் கையசைத்தார்கள். சேர்ட் இல்லாமல் நின்ற லக்ஷ்மணனும், மரியாதைக்குத் தானும் ஒருமுறை அசைத்தார்.

காற்று அவர்களைப் பிரெஞ்சுக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. பின்னேரம் ஒரு மீன்பிடிகாரர் கட்டி இழுத்துப் போய் எவியானில் விட்டார். விசிறியில் சிக்கியிருந்த வெள்ளைத் துண்டுகளையெல்லாம் பிடுங்கி, மடித்து, லக்ஷ்மணனிடம் பவ்வியமாகக் கொடுத்தார். சுபேசன் தன் ரீசேர்ட் ஒன்றைக் கொடுத்தான். அது அவருடைய தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

மறுநாள் புறப்படும்போது கயிறு அவிழ்ந்ததா என்று மூன்று தரம் பார்த்தான். ஆனால் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்த பேச்சில் ஒரு சொல்லும் இப்போது வாய்க்கு வரவில்லை.

"அங்கிள், எனக்குப் படகோடத் தெரியும் எண்டது பொய். ஆனா ஹரிஷாவை நல்லாப் பார்ப்பன். அது பொய்யில்லை."

லக்ஷ்மணன் ஒரு கையை ஏரித் தண்ணீரில் விட்டு அளைந்தார்.

"ஜெனீவாவுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"

"மூண்டு மணித்தியாலம், அங்கிள்."

"அவசரமில்லை. மெதுவாப் போங்கோ."

மனுசன் பயந்துவிட்டார் என்று நினைத்தான் சுபேசன். மூன்று மணித்தியாலத்தை ஐந்தாக்கினான். வழி நெடுக அவர் வாய் திறக்கவில்லை.

ஜெனீவாத் துறையில் ஹரிஷாவும் தாய் சுஜீவாவும் காத்து நின்றார்கள். லக்ஷ்மணன் இறங்கினார், யாரையும் பாராமல் கழிப்பறையைத் தேடி விறுவிறென்று நடந்தார். சுபேசன் குனிந்த தலை நிமிராமல் சுஜீவாவிடம் மன்னிப்புக் கேட்டான். எல்லாவற்றையும் தானே பழுதாக்கிவிட்டதாகவும், அங்கிள் இனி ஒருநாளும் சம்மதிக்கமாட்டார் என்றும் சொன்னான்.

சுஜீவா கணவர் போன பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் போன கிழமையே ஓமெண்டிட்டார், தம்பி. முதலே சொன்னா நீங்கள் படகைத் திருப்பிக் குடுத்திடுவியளாம், வந்து சேருமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் ஏறினவர்."