இரங்கல் நடையில் ஒரு லீவு விண்ணப்பம்

எனக்கு அரபி தெரியும் என்று நானாக யாரிடமும் சொல்வதில்லை. எம்.ஏ. அரபி இலக்கியம் படித்தவள் இப்படிக் கூசுவதற்குக் காரணம் இருக்கிறது.

கடைசி வருடம் படிக்கும்போது கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தேன். அக்காவுக்கு முதல் பிரசவம். அதற்கென்றே துபாயிலிருந்து வந்த மச்சானின் லீவு முடியப்போகிறது, குழந்தையோ வருகிற வழியாக இல்லை. (எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை.) "அவுக இல்லாம நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்" என்று அக்கா அழுதாள். அரபி முதலாளியிடம் பேசி லீவை நீட்டியாக வேண்டும்.

"அங்கேயே இருக்கீங்க, நீங்களே கேளுங்க மச்சான்" என்றேன்.

"எங்கிட்ட அவங்க பேசுறது பூரா எடு, வை, சீக்கிரம் வா. அதையே வச்சு லீவு கேட்டா மொதலாளிக்கே உத்தரவு போட்ட மாதிரி ஆயிரும். நீ படிச்ச புள்ள, மரியாதையாக் கேளும்மா."

மரியாதைக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. அந்தப் பருவத்தில் பழைய உரைநடைத் தாளில் எங்களுக்கு இரங்கல் மடல்கள்தான் பாடம். எதுகையோடு ஓடும் அந்த நடையில் எனக்கு அப்படியொரு மயக்கம். மனப்பாடமாக இருந்த ஒரு மடலை எடுத்து, இறந்தவரைக் கழித்துவிட்டு லீவைச் சேர்த்துக்கொண்டேன்.

வீடியோ காலில் முதலாளி வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். முதலில் இறைபுகழ். பிறகு உலகத்தின் நிலையாமை. பிறகு விதியின் முன் மனிதனின் கையறுநிலை. பயத்தில் குரல் வேறு நடுங்கியது. பக்கத்தில் அக்கா விசும்பிக்கொண்டிருந்தாள். முதலாளி தேநீரைக் கீழே வைத்தார்.

லீவு விஷயத்துக்கு வர இன்னும் இரண்டு பத்தி பாக்கி இருக்கையில், அவர் குறுக்கிட்டு, பாடத்தில் இல்லாத பேச்சு அரபியில் வேகமாக ஏதோ கேட்டார். 'தந்தை' என்ற சொல்லைத் தவிர எதுவும் புரியவில்லை. அத்தாவை நலம் விசாரிக்கிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று உருகிப்போய், "ஆமாம், எல்லாம் இறைவன் அருள்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லீவு கெடைக்கலையா?" என்றேன்.

"கெடச்சிருச்சு. மாமாவ நல்லபடியா அடக்கம் பண்ணிட்டு மெதுவா வான்னுட்டாரு."

மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தா நிமிர்ந்தார். "எத்தன நாளு குடுத்தாரு?"

"ஒரு மாசம்."

"பரவாயில்லையே. நான் ஒரு வாரந்தான் தேறுவேன்னு நெனச்சேன்."

பொய்யில் கிடைத்த லீவு மச்சானுக்குச் செரிக்கவில்லை. மறுநாள் அவரே வீடியோ காலில் அழைத்து, அத்தாவையும் அக்காவையும் காட்டி, தன் உத்தரவு அரபியில், "மாமா சாகல. இந்தா பாரு. பொண்டாட்டி, புள்ள வருது, லீவு குடு" என்றாராம். முதலாளி சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. கொடுத்த லீவை அவர் ரத்து செய்யவில்லை. மகள் பிறந்ததும், வழக்கப்படி அவள் காதில் தொழுகை அழைப்பான பாங்கை மச்சானே சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதும் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் 'காலமான மாமாவுக்கு' என்று சொல்லி முதலாளி ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புகிறார். அத்தா அதை யாருக்கும் தருவதில்லை.

"உசுரோட இருந்த வரைக்கும் எவன் எனக்குக் குடுத்துவிட்டான்?" என்கிறார்.